அறுபத்து மூன்று டப்பா

1

போன மாசம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பேச்சின் நடுவிலேயே போனைப் பட்டென்று வைத்துவிட்டேன். எதிர்முனையில் இருந்தவள் சரோஜா. தென்னேரிப் பெண். எட்மன்டனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கனடாவுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. என்னை அக்கா என்பாள். ஊர்ப் பேச்சைப் பேச இங்கே எனக்கு இருக்கிற ஒரே ஆள் அவள்தான், அவளிடம்தான் அப்படி நடந்துகொண்டேன்.

அவள் கேட்டது இவ்வளவுதான்:

"யக்கா, எங்கம்மா படுத்த படுக்கையா கீறாங்களாம், அண்ணன் லெட்டர் போட்டுகீறாரு. ஊருக்குப் போவணும். போறதுக்கு முன்னாடி இவருக்கும் பசங்களுக்கும் ஒரு மாசத்துக்கு ஆக்கி ஃப்ரீசர்ல வச்சிட்டுப் போலாம்னு பாக்கறேன். சாம்பாரு எத்தினி நாளைக்குக் கெடாம இருக்கும்?"

அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு ஷிப்ட் இல்லை. மேஜையில் பேப்பரை விரித்துவைத்திருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு உனக்கு? அந்தப் பொண்ணு சாம்பாரப் பத்தித்தான கேட்டுச்சு?"

சாம்பாரைப் பற்றித்தான். இந்த 'தான்' இருக்கிறதே, அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஐந்து வருஷம் பின்னால் போக வேண்டும். அவரிடம் சொல்லிப் பிரயோசனமில்லை, அவருக்குத் தெரிந்த கதைதான். ஊரில் இருக்கிற உங்களுக்குத்தான் தெரியாது, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

முதலில் இந்த ஃப்ரீசர் விஷயம். போன முறை வந்தபோது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் என்னோடு படித்த ஒருத்தியைப் பார்த்தேன். "உனக்கின்னாடி, பொட்டியத் தொறந்தா சோறு" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பெட்டி நிஜம்தான். எங்கள் வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை இருக்கிறது. அங்கே ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. மூடியைத் தூக்கினால் உள்ளே சுற்றிலும் பனி உறைந்திருக்கும். அதில் வைத்த பொருள் கல்லாகிவிடும், கெடாது. ஆனால் பெட்டி சமைக்காது. பெட்டியைத் திறந்தால் சோறு இருப்பது, யாரோ ஒருத்தி அதற்கு முன்னால் ஆக்கி அடைத்து வைத்ததால்.

நான் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஆலையில் வேலை செய்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை போர்வையும் தலையணை உறையும் மடிப்பது என் வேலை. அவர் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில். இரண்டு பேரும் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரே காரில் வீடு திரும்புகிறோம். பூட்ஸைக் கழற்றிவிட்டு அவர் சோபாவுக்குப் போகிறார், நான் அடுப்புக்குப் போகிறேன். இந்த அநியாயத்துக்கு ஒரு வழி பண்ணத்தான் ஃப்ரீசர் வாங்கினோம். அது என்ன பண்ணியது என்றால், அநியாயத்தைத் தூக்கி மொத்தமாகச் சனிக்கிழமைக்கு மாற்றி வைத்தது. ஒரு வாரக் குழம்பையும் ஒரே நாளில் வைத்தேன். இதுதான் என் சொகுசு.

3

ஐந்து வருஷத்துக்கு முன்னால், பனிக்காலம் தொடங்குகிற சமயம், என் தம்பி தாமோதரனின் ஏர்மெயில் வந்தது. உத்திரமேரூருக்கு நாலு மைலில் எங்கள் கிராமம், ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். தம்பிதான் பயிர் வைக்கிறான், நைனாவும் அவனோடுதான் இருந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"நைனாவுக்கு வயித்துல கட்டின்னு செங்கல்பட்டு டாக்டர் சொல்லிட்டாரு. கஞ்சி மட்டும் எறங்குது. 'பெரியவ எப்ப வர்றா, அவ கையால ஒரு வாய் துன்னுட்டா போதும்'னு சொல்லிக்கினே கீறாரு. உடனே கிளம்பி வரவும்" என்று எழுதியிருந்தான்.

'உடனே' என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான்.

மறுநாள் ஆலை ஆபீசுக்கு லீவு கேட்கப் போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "என் அப்பா எக்ஸ்பயர் ஆகப்போகிறார்" என்று சொன்னேன். நம் ஊரில் அப்படித்தானே சொல்கிறோம். அந்தப் பெண்மணி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எது எக்ஸ்பயர் ஆகிறது? பாஸ்போர்ட்டா, வேலை பார்க்கிற பெர்மிட்டா?" என்று கேட்டாள். அப்பா, அப்பா என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். பாவம், அவளுக்கு முகம் சிவந்துபோனது. லீவுக்கு நிரப்பித் தருகிற ஒரு பாரத்தை எடுத்துக் கொடுத்தாள். அதில் முதல் கட்டமே இறந்த தேதி. இறந்தால் மூன்று நாள் சம்பளத்தோடு லீவு உண்டாம். சாகக் கிடந்தால் அதற்குக் கட்டம் இல்லை. "இறந்த பிறகு வாருங்கள்" என்பதை இதைவிடப் பதவிசாக யாராலும் சொல்ல முடியாது.

கடைசியில் சம்பளம் இல்லாத லீவு, மூன்று வாரம், எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று கையெழுத்துப் போட்டாள். ஆகவே வெள்ளைக்காரர்கள் மேல் பழி போட எனக்கு வழியில்லை. அவர்கள் விட்டுவிட்டார்கள்.

4

அன்று சாயங்காலம் காரில் அவரிடம் சொன்னேன்.

"போய்ட்டு வா. வாணான்னு சொல்ல நான் யாரு? உங்க நைனா" என்றார். நல்ல மனுஷர்தான், அதை மறைக்கக் கூடாது. இரண்டு சிக்னல் தாண்டியதும் மறுபடி ஆரம்பித்தார். "பசங்க சோத்துக்கு இன்னா பண்றது? அத்த மட்டும் சொல்லிட்டுப் போ."

அதை மட்டும் சொல்லிவிட்டுப் போ! ஒரு வார்த்தைகூட மறுக்காமல் ஒருத்தியின் காலைக் கட்டிப் போடுவது எப்படி என்று யாராவது பள்ளிக்கூடம் நடத்தினால் இவரை வாத்தியாராக வைக்கலாம். 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நானும் கேட்கவில்லை. அங்கேதான் நான் மோசம் போனேன். கேட்காமல், மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். அவர், மகள் செல்வி, மகன் பாபு. மூணு பேர், ராத்திரிச் சாப்பாடு ஒரு வேளை, இருபத்தொரு நாள். அறுபத்து மூன்று டப்பா.

டிக்கெட் போடுகிறவர் அந்த வாரக் கடைசியிலேயே இடம் இருக்கிறது என்றார். மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள் என்று சொன்னது நான். என் வாயால் சொன்னது.

மொத்தமாக ஆக்குவது எனக்குப் புதிதில்லை. அம்மா போனபோது எனக்குப் பதினாலு வயது. நடவு நாளில் முப்பது பேருக்கு நான்தான் ஆக்கினேன். கேழ்வரகுக் களியைக் கிண்டினால் தோள்பட்டை கழன்றுவிடும். இன்னொரு அடுப்பில் மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு கொதிக்கும். நைனா வந்து அண்டாவை இறக்கிக் கொடுப்பார், வண்டியில் ஏற்றிக் கழனிக்குக் கொண்டுபோவோம். நாற்று நட்ட பெண்களுக்கு அவர்கள் கொண்டுவந்த ஏனத்தில் நாங்கள் எட்டி நின்று போடுவோம். அந்த வெட்கக்கேட்டை இப்போது நினைத்தால் எனக்குக் கூசுகிறது, அப்போது கூசவில்லை. எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் நைனா சாப்பிடுவார். அவருக்கென்று ஒரு உருண்டையை நான் ஒதுக்கி மூடிவைத்திருப்பேன். உச்சி வெயிலுக்கு அண்டா காலி. மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆக்கினதெல்லாம் மனுஷர் வயிற்றுக்குப் போயிருக்கும்.

எட்மன்டனில் மூன்று சனி, மூன்று ஞாயிறு ஆக்கினேன். வாரநாள் சாயங்காலங்களிலும் ஆக்கினேன். சீனர் கடையில் ஒரு பெரிய அலுமினியப் பாத்திரம் வாங்கினேன். தாளித்தால் கூரையில் மாட்டியிருக்கிற புகை மணி நெருப்பென்று நினைத்துக் கத்தும், ஜன்னலைத் திறந்தால் பனிக் காற்று முகத்தில் அடிக்கும். உருளைக்கிழங்கு உறைந்தால் பஞ்சாகிவிடும் என்று சாம்பாரில் போடவில்லை. சோற்றை அரை வேக்காட்டுக்குக் கொஞ்சம் மேலே வடித்தேன், சூடு பண்ணும்போது குழையக் கூடாதே என்று. செல்விக்குக் காரம் ஆகாது, அவளுக்குத் தனிக் குழம்பு. பாபுவுக்குக் கோழி. அவருக்கு மொச்சைக் கருவாடு. ஐஸ்கிரீம் டப்பா, மார்கரின் டப்பா என்று ஆலையில் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் கேட்டு வாங்கினேன். ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் எழுதினேன்: 'செல்வி, காரம் இல்லை, மூடியைக் கழற்றிவிட்டுச் சூடு பண்ணு.' 'பாபு, எலும்பு இருக்கு, பார்த்துத் தின்னு.' பெட்டிக்குள் அறுபத்து மூவர் உற்சவம் மாதிரி வரிசையாக நிறுத்திவைத்தேன். அவர் இறங்கிவந்து பார்த்து, "பலே" என்றார்.

நடுவில் தம்பியின் இன்னொரு கடிதம் வந்தது. 'எப்ப வர்ற?' என்று மட்டும் இருந்தது. இருபத்து நாலாம் தேதி என்று பதில் போட்டேன். அப்போது நாற்பது டப்பா முடிந்திருந்தது.

5

கிளம்ப இரண்டு நாள் இருந்தது. சாயங்காலம், கடைசி நாலு டப்பாவுக்குக் கரண்டியால் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. இங்கே தந்தியைப் போனிலேயே படித்துச் சொல்லிவிடுவார்கள். தந்தி ஆபீஸ்காரர் ஒரு பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார், அது என் அப்பாவின் பெயர். அதற்கு அடுத்த வார்த்தையும் எக்ஸ்பயர்தான். நம் ஊர்த் தந்தி இல்லையா.

இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். போனை வைத்துவிட்டு நான் அழவில்லை. மீதி இரண்டு டப்பாவுக்கும் ஊற்றினேன். மூடினேன். பிளாஸ்திரி ஒட்டி எழுதினேன். கீழே கொண்டுபோய் இடம் பார்த்து வைத்துவிட்டு, மூடியைச் சாத்தி, அதன் மேல் தலையை வைத்துக்கொண்டுதான் அழுதேன். பெற்றவர் செத்த செய்தி கேட்டவள் அதற்குப் பிறகு நாலு டப்பாவை ஒழுங்கு பண்ணியிருக்கிறாள். என்னை அந்த அளவுக்குப் பழக்கிவைத்திருந்தார்கள், நானும் பழகியிருந்தேன்.

6

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாம் நாள். தாமோதரன் மொட்டைத் தலையோடு நின்றான்.

"உனக்காவ பொழுது சாயற வரைக்கும் வச்சிருந்தோம்க்கா. அப்பறம் ஊர்ல சத்தம் போட்டாங்க" என்றான்.

அவன் பெண்டாட்டி கோவிந்தம்மா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். "கடசி ரெண்டு நாளு கஞ்சி ஊத்துனா வாய மூடிக்கினாரு அண்ணி. 'பெரியவ வர்றா மாமா, இன்னும் நாலு நாளுதான்'னு சொன்னேன். வெரல மடக்கி மடக்கி எண்ணிக்கினே இருந்தாரு."

அவர் நாளை எண்ணிக்கொண்டிருந்தபோது நான் டப்பாவை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிணம் போன வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்ட மாட்டார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பிவந்து குளித்தவர்களுக்கு முதல் சோறு, அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டிலிருந்து வர வேண்டும். அது சம்பந்தி வீட்டின் கடமை. ஒரு அண்டா சோறும் குழம்பும் வண்டியில் வந்து இறங்கினால்தான் பெண் கொடுத்த இடம் சரியான இடம் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் பெண் என்றால் நான் ஒருத்திதான். வாலாஜாபாத்தில் இருந்த என் மாமனார் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மைத்துனர் பம்பாயில். அப்படியென்றால் பெண் கொடுத்த வீடு எது? எட்மன்டனில் இருக்கிற எங்கள் வீடு.

என் சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்து எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: "பொண்ணு குடுத்த வூட்டுலேர்ந்து ஒரு பிடி சோறு வர்ல. எதிர் வூட்டுக்காரங்க ஆக்கிப் போட்டாங்க. சீமைக்குப் பொண்ணக் குடுத்தா இத்தான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் வீட்டில் சோறு இல்லையா? இந்தத் தெரு முழுக்க உட்கார்ந்து தின்கிற அளவுக்கு ஆக்கிவைத்திருக்கிறேன். சாவு வீட்டுக்கு அனுப்ப இத்தனை தயாராகச் சோறு வைத்திருந்த சம்பந்தி வீடு இந்தத் தாலுகாவிலேயே கிடையாது. அது கல்லாக உறைந்து, கடலுக்கு அந்தப் பக்கத்தில், ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

பதினாறாம் நாள் கருமாதி முடித்துக்கொண்டு கிளம்பினேன்.

7

விமான நிலையத்துக்கு மூன்று பேரும் வந்திருந்தார்கள். பாபு கொஞ்சம் பூசினாற்போல இருந்தான். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே கீழே இறங்கி மூடியைத் தூக்கினேன்.

நான் வைத்த வரிசை கலையவில்லை. மேலே மெல்லிசாகப் பனி படிந்திருந்தது. எண்ணினேன். அறுபத்தொன்று.

செல்விக்கு அப்போது பதினோரு வயது. பள்ளிக்கூடத்தில் அவளை ஷெல்லி என்கிறார்கள், வீட்டிலும் அப்படிக் கூப்பிட்டால்தான் உடனே திரும்புகிறாள். மேலே ஏறிவந்து அவளைத்தான் முதலில் கேட்டேன். இங்கிலீஷில் பதில் வந்தது. முதல் நாள் ஒரு டப்பாவை எடுத்தாளாம், மேலே எழுதியிருந்தது படிக்கத் தெரியவில்லையாம், திறந்து பார்த்தால் அப்பாவின் கருவாடாம், வீடெல்லாம் நாறியதாம். இன்னொன்றை எடுத்தால் அதுவும் அதுவே. இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டார்கள். "நீ எழுதினது எனக்குப் படிக்க வராதேம்மா" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அறுபத்து மூன்று டப்பாவிலும் நான் தமிழில் எழுதியிருந்தேன். என் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது என்பது எனக்குத் தெரியும். எழுதும்போது ஒரு தடவைகூட அது தோன்றவில்லை.

அவருக்குப் படிக்க வருமே? திரும்பி அவரைப் பார்த்தேன்.

"ஐஸைப் பேத்து எடுத்து, சூடு பண்ணி, பேஜாரு. பசங்க பிஸ்ஸா கேட்டாங்க, வாங்கிக் குடுத்தேன். கோழி வறுத்தது வாங்கிக் குடுத்தேன். எப்படியோ ஓடிப்போச்சு" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானமாக ஒன்று சொன்னார்: "இப்ப இன்னா, கெட்டா போச்சு? அப்படியே கீது. இனிமே துன்னுக்கலாம்."

எப்படியோ ஓடிப்போச்சு. இருபத்தொரு நாள் அவருக்கு எப்படியோ ஓடும் என்று அன்றைக்குக் காரிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த வாரமே ஏறியிருப்பேன். நைனா அப்போது உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு வசதியாகப் போயிருக்கும், அசதி என்று விட்டிருப்பார். நாலு டப்பாவை எடுத்துவந்து சூடு பண்ணி மேஜையில் வைத்தேன். சொன்னேன்:

"எங்க நைனா செத்த வூடு இது. இந்தப் பொட்டி காலியாவற வரைக்கும் அடுப்பு மூட்ட மாட்டேன். வெளியவும் வாங்கக் கூடாது. முதல் சோறு பொண்ணு குடுத்த வூட்டுலேர்ந்து வரணும். இப்பதான் வந்திருக்குது. துன்னுங்க."

அவர் ஊர்க்காரர். அந்த வழக்கம் தெரிந்தவர். உட்கார்ந்து தின்றார். பதினைந்து நாள், நாலு பேரும் அதையேதான் தின்றோம். செல்வி அழுதுகொண்டே ஒரு நாள் தின்றாள், நான் விடவில்லை. ஒவ்வொரு டப்பாவிலும் எழுதியிருந்ததை அவருக்கு எதிரில் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் திறந்தேன். பதினாறாம் நாள் ஒரே ஒரு டப்பா மீதி. மொச்சைக் கருவாட்டுக் குழம்பு. அதை எடுக்கவில்லை. இன்னும் கீழேதான் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.

8

போனைப் பட்டென்று வைத்த அன்றே, ஒரு மணி நேரம் கழித்துச் சரோஜாவைக் கூப்பிட்டேன். அவள் அதற்குள் அழுதிருந்தாள் போலிருக்கிறது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அதற்கு எனக்குப் பொறுமை இல்லை.

"சாம்பார் எத்தினி நாளைக்குக் கெடாம இருக்கும்னு கேட்டியே. என்கிட்ட ஒரு கொழம்பு அஞ்சு வருஷமா கீது, கெடல. சோத்தப் பத்தி நீ கவலப்படாத. நீ ஆக்கி முடிக்கிற வரைக்கும் உங்கம்மா இருப்பாங்களா, அத்த மட்டும் சொல்லு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இல்லக்கா, இவருக்கு முட்டகூட ஒடைக்கத் தெரியாது..."

"பசிச்சா தெரிஞ்சுக்குவாரு. நாளைக்கு இன்னா சீட்டு கீதோ அதுல ஏறு."

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பேப்பரை மடித்துவைத்துவிட்டு, "அவரும் பசங்களும் ஒரு மாசத்துக்கு நம்ம வூட்லயே துன்னட்டுமே" என்றார், தாராளமாக. "தோ, தாராளமா. நீங்க ஆக்குங்க" என்றேன். அவர் மறுபடியும் பேப்பரைப் பிரித்தார்.

சரோஜா சனிக்கிழமை ஏறினாள். ஃப்ரீசரில் ஒரு பருக்கை வைக்காமல் ஏறினாள்.

முந்தாநாள் தென்னேரியிலிருந்து அவள் கடிதம் வந்தது. 'நான் வந்து சேர்ந்து பதினோரு நாள் அம்மா இருந்தாங்க அக்கா' என்று எழுதியிருந்தாள். வேறு யார் கொடுத்தாலும் வாயை மூடிக்கொண்டவர், அவள் கையால் இரண்டு வாய் கஞ்சி குடித்தாராம்.

இரண்டு வாய். சமையலறையில் நின்றபடியே அதைப் படித்தேன். சந்தோஷம்தான் முதலில் வந்தது, பொய் சொல்லவில்லை. அப்புறம் எரிச்சல் வந்தது, அவர் மேல், ஆலைக்காரப் பெண்மணியின் லீவு பாரத்தின் மேல், எல்லாரையும்விட என் மேல். நான் அறுபத்து மூன்று டப்பா ஆக்கினேன். நைனா கேட்டது ஒரு வாய்.